பதினோராம் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஊர், பதினோராவதாகத் தட்டுப் பொருத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. முதல் பத்தும் எந்தப் பெண்ணின் அழுகையையும் நிறுத்தியதில்லை. பதினோராவது நிறுத்தும் என்று திருமங்கலத்தில் நம்பிய ஒரே ஆள் தாரணி. அவளுக்குப் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் அவ்வளவு நம்பிக்கை ஆபத்து.

தட்டைப் படிக்கும் கருவியை யாரோ நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். குடும்ப நீதிமன்றத்துக்காகச் செய்தார்கள். “என் புருஷன் என் மேல தட்ட எறிஞ்சான்” என்று ஒரு பெண் சொன்னால், சாட்சி எங்கே என்று கேட்பது வழக்கம். சாட்சியோ கழுவிக் கவிழ்த்து அடுக்களையில் அடுக்கப்பட்டிருக்கும். கருவி வந்த பிறகு எவர்சில்வர் தட்டே வாயைத் திறந்தது. எத்தனை முறை எறியப்பட்டது, எந்த வருடம், எவ்வளவு வேகம் எல்லாம் சொன்னது. ஆண்கள் கொஞ்ச காலம் பயந்தார்கள். பிறகு அந்தப் பயத்தை ஜோசியரிடமும் தரகரிடமும் ஒப்படைத்தார்கள். அவர்கள் அதைச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு சடங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் படித்துப் பார்த்து, சுத்தம் என்று சான்றிதழ் வந்தால்தான் கல்யாணப் பேச்சு. நீதிமன்றத்துக்கு இப்போது யாரும் தட்டைக் கொண்டுபோவதில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் கொண்டுபோகிறார்கள்.

தாரணியின் அப்பா குருநாதன் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மகளிர் தினத்தன்று மில்லில் வேலை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, பெண் என்பவள் வீட்டுக்கு விளக்கு என்று மைக்கில் பேசுவார். வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்புக் கூடியிருந்தால் அந்த விளக்கின் மேல் தட்டை எறிவார். அம்மா செல்வராணி சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, தட்டைக் குப்புறப் போட்டுக் குழவிக்கல்லால் தட்டி நிமிர்த்துவாள். அந்த வீட்டில் ஒரு தட்டுகூட ஆடாமல் தரையில் உட்காராது. அதனால் விருந்தாளி வந்தால் வாழை இலைதான். “குருநாதன் வீட்ல எப்பவும் எலைச் சாப்பாடு” என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஊரின் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

“எந்த வீட்டுக்கு வேணா போறேன். நகை, மண்டபம், எதுலயும் நான் தலையிடல. அந்த வீட்டுத் தட்ட மட்டும் படிச்சுப் பாத்துருங்க,” என்று தாரணி சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். குருநாதனுக்கு அது பிடித்துப்போனது. மறுநாளே அதைத் தன் நிபந்தனையாக மில்லில் பரப்பினார். “எம் பொண்ண அடிக்கிற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்யா. நான் அந்த மாதிரி அப்பன் இல்ல.” அவர் பொய் சொல்லவில்லை. தான் செய்வதற்குப் பெயர் அடி என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

தரகர் சோலைமலை ஒரு மஞ்சள் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, நவீன் வீட்ல தட்டுக் குடுக்கச் சம்மதிச்சுட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா ஜெயக்கொடி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. உங்க வீட்டுத் தட்டும் வேணுமாம்.”

“எங்க தட்டு எதுக்கு? நான் பொண்ணு வீட்டுக்காரன்யா!”

“அதான் கேக்குது. அடியப் பாத்து வளந்த பொண்ணுன்னா, ஒண்ணு எல்லாத்துக்கும் பயந்து நடுங்கும், இல்லாட்டித் திருப்பி அடிக்கும். ரெண்டும் எம் மகனுக்கு ஆகாதுங்குது.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. குருநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“பரண்ல புதுத் தட்டு கெடக்கு. அதத் தூக்கிக் குடுத்துருவோம்.”

“ஐயோ, அந்தத் தப்ப மட்டும் பண்ணிராதீங்க. கப்பலூர்க்காரர் ஒருத்தர் அப்பிடித்தான் பரண்ல இருந்து எறக்கிக் கொண்டாந்தாரு. இதுல சூடா சோறே போட்டதில்லன்னு மிஷினு சொல்லிருச்சு. ‘அப்ப உங்க பொண்ணு பட்டினியாவா வளந்துச்சு’ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

“அப்ப இருக்கிற தட்ட அடுப்புல போட்டுச் சுட்டா?”

“சுட்டா அடி எல்லாம் அழிஞ்சுரும். ஆனா அடியில பேர் வெட்டியிருக்கோம்ல, அந்தப் புள்ளியோட வயசும் சேந்து அழிஞ்சுரும். பேரு இருக்கும், வயசு இருக்காது. ‘சுட்ட தட்டு’ன்னு செவப்பு மையில அடிச்சுக் குடுத்துருவாங்க. சுட்ட தட்டுன்னா அந்த வீட்ல கொலையே நடந்துருக்குன்னுதான் சனம் பேசும்.”

“பின்ன என்னதான்யா வழி?”

அந்தக் கேள்விக்காகத்தான் சோலைமலை காத்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு தட்டை எடுத்தார். நன்றாகப் பழகிய தட்டு. விளிம்பு தேய்ந்து, நடுவில் விரல் வழித்த தடம் மங்கலாக ஓடியது. ஆனால் கோணல் இல்லை. மேசையில் வைத்தால் அப்படியே உட்கார்ந்தது. திருப்பிக் காட்டினார். அடியில் புள்ளி புள்ளியாக ‘அன்புடன் மாமா வீட்டார்’ என்று வெட்டியிருந்தது.

“எந்த மாமா?” என்றார் குருநாதன்.

“உங்களுக்கு மாமா இருக்காருல்ல?”

“ரெண்டு பேர் இருக்காங்க.”

“அதுல ஒருத்தரு.”

கதவோரம் நின்ற தாரணி கேட்டாள். “இது யாரு சாப்பிட்ட தட்டு?”

“ரெண்டு டீச்சரம்மாக்க சாப்பிட்டதும்மா. அக்கா தங்கச்சி. கல்யாணம் கட்டிக்கல. சின்ன வயசுல சடங்குக்கு அவுங்க மாமா செஞ்ச சீரு. அக்கா தவறுன பெறகு தங்கச்சி சாமானையெல்லாம் குடுத்துட்டு ஆசிரமத்துக்குப் போயிட்டாங்க.”

குருநாதன் முகத்தைச் சுளித்தார். “ஆம்பளை இல்லாத வீட்டுத் தட்டா? நல்ல காரியத்துக்கு இதவா எடுத்துட்டுப் போறது?”

“ஆம்பளை சாப்பிட்ட தட்டுல நல்ல தட்டுக்கு நான் எங்கண்ணே போவேன்?”

அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. செல்வராணி அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

நம் வீட்டுத் தட்டு பொய்யாக இருந்தால் இருக்கட்டும், அவர்கள் வீட்டுத் தட்டு உண்மையைச் சொல்லிவிடும் என்று தாரணி நினைத்தாள். ஒரு உண்மை கிடைக்கும் என்றால் ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம். நல்ல பெண்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வீணாய்ப் போகிறார்கள்.

தட்டுப் படிப்பகம் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், உள்ளே ஏ.சி., தட்டு நிறையக் கல்கண்டு. கருவிக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதை இயக்கும் பெனிட்டா உலோகங்களைப் பற்றி ஆறு வருடம் கல்லூரியில் படித்தவள். ஆராய்ச்சி செய்யப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இப்போது சம்பந்திகள் கொண்டுவரும் சோற்றுத் தட்டைத் துடைத்துக் கருவிக்குள் வைக்கிறாள். தனக்கு இது தற்காலிகம் என்று நான்கு தீபாவளியாகச் சொல்லிவருகிறாள்.

குருநாதனும் செல்வராணியும் தாரணியும் சோலைமலையோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி பட்டுத் துணியில் சுற்றித் தட்டைக் கொண்டுவந்திருந்தாள். கூட மாப்பிள்ளை நவீன். அவன் அப்பாவுக்கு முட்டி வலியாம், வரவில்லை. நவீன் மென்பொருள் வேலை. கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே எல்லோருக்கும் வணக்கம் சொல்லத் தெரிந்தவன்.

“ஏம்மா, இது என்ன டேப்பா? அடிச்சத எல்லாம் எப்பிடிப் பதிஞ்சு வைக்கும்?” என்று ஜெயக்கொடி கேட்டாள். அவள் குரலில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் கொஞ்சம் அக்கறையும் இருந்தது.

“எவர்சில்வர்ல இரும்பு, குரோமியம், நிக்கல் மூணும் கலந்திருக்கும்மா,” என்றாள் பெனிட்டா. “அணுவெல்லாம் பழக்கடையில ஆரஞ்சு அடுக்குன மாதிரி நெருக்கமா அடுக்கியிருக்கும். பலமா ஒரு அடி விழுந்தா, விழுந்த எடத்துல மட்டும் அந்த அடுக்கு சரிஞ்சு வேற விதமான அடுக்கா மாறிரும். அந்த எடம் மட்டும் காந்தத்துக்கு ஒட்டும். நீங்க தட்டி நிமித்தினாலும், பாலிஷ் போட்டாலும், உள்ள மாறுனது மாறுனதுதான். நிமித்துன அடியும் சேந்து பதியும்.”

“வயசு எப்பிடித் தெரியும்?” என்றார் குருநாதன். அவருக்கு வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

“பேர் வெட்டுறப்ப ஒவ்வொரு புள்ளியும் ஒரு அடிதான சார். அந்தப் புள்ளிதான் எங்களுக்குக் கடிகாரம். அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மத்த அடிகள ஒப்பிட்டுச் சொல்லிருவோம்.”

“சரிஞ்ச அடுக்கு பழையபடி திரும்பவே திரும்பாதாக்கா?” தாரணி கேட்டாள்.

“தானாத் திரும்பாது. நெருப்புல போட்டாத் திரும்பும். தட்டு செவக்கச் செவக்க.”

முதலில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு உள்ளே போனது. திரையில் நீலமாக ஒரு வட்டம் வந்தது. சுடுசோறு போட்டதும் கழுவியதும் மெல்லிய வளையங்களாகத் தெரிந்தன. ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

“எங்க வீட்ல பேச்சுச் சத்தமே வெளிய கேக்காது,” என்றாள் ஜெயக்கொடி.

தாரணிக்கு அழுகை வரும்போல் இருந்தது. எறியாத தட்டு ஒன்றை அவள் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தாள். முதன்முறையாக நவீனை நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். அவன் போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருந்தான்.

அடுத்து பெண் வீட்டுத் தட்டு. அதே நீலம், அதே அமைதி. குருநாதன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். அதற்குள் கருவி கூவியது. பெனிட்டா திரையை இரண்டு முறை பார்த்தாள். இரண்டு தட்டையும் எடுத்துக் கவிழ்த்து அருகருகே வைத்தாள்.

‘அன்புடன் மாமா வீட்டார்.’ ‘அன்புடன் மாமா வீட்டார்.’ இரண்டிலும் ‘ட்’டின் தலைப்புள்ளி தள்ளி ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. ஒரே கை, ஒரே உளி.

“இப்பப் புதுசா ரெண்டு தட்டையும் மிஷினே ஒப்பிட்டுப் பாத்துரும்,” என்று பெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ரெண்டும் ஒரே தகட்டுல அடுத்தடுத்து வெட்டுனதுன்னு சொல்லுது. அடுக்கோட சாய்மானம் இந்தத் தட்டுல முடியிற எடத்துலருந்து அந்தத் தட்டுல தொடருது. ஒண்ணு மேல ஒண்ணா ரொம்ப வருஷம் அடுக்கி வச்ச தேய்மானமும் அச்சா பொருந்துது. அதாவது, இந்த ரெண்டு தட்டும்...”

அந்த நொடியில் அறையில் இருந்த எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயக்கொடி குருநாதனைப் பார்த்தாள். குருநாதன் ஜெயக்கொடியைப் பார்த்தார். இருவரும் சோலைமலையைப் பார்த்தார்கள். சோலைமலையின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே கணம்தான். தரகர்களை அவ்வளவு சுலபமாகக் கவிழ்க்க முடியாது.

“பாத்தீங்களா!” என்று துள்ளி எழுந்தார். “நான் என்ன சொன்னேன்? ஜாதகத்துல இல்ல, தகட்டுலயே எழுதியிருக்கு! எங்கயோ ஒரு பட்டறையில ஒரே தகடாப் பொறந்து, ரெண்டு வீட்டுக்குப் பிரிஞ்சு போயி, இன்னைக்கு இந்த மேசையில வந்து சேந்திருக்கு. முப்பது வருஷத் தொழில்ல இப்பிடியொரு பொருத்தம் நான் பாத்ததில்லண்ணே!”

ஒரு மனுஷனுக்காவது வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே வீட்டுக்குள் திருடப் புகுந்த இரண்டு திருடர்கள் இருட்டில் முட்டிக்கொண்டு, அட நீயா என்று நிம்மதி அடைவதுபோல் இரண்டு வீட்டாரும் சிரித்தார்கள்.

“இதுக்கு மேல என்ன வேணும் மதினி?” என்று ஜெயக்கொடி கல்கண்டை எடுத்துச் செல்வராணியின் கையில் வைத்தாள். பெனிட்டா சான்றிதழில் ‘உத்தமம்’ என்று தட்டச்சு செய்தாள்.

“அத்தை, இது உங்க வீட்டுத் தட்டா?” என்றாள் தாரணி.

“எங்க வீட்டுத் தட்டுத்தான். எங்க மாமா குடுத்தது.”

“எங்க மாமாவும் உங்க மாமாவும் ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே ஆளுகிட்டப் பேர் வெட்டுனாங்களா?”

நவீன் முதன்முறையாகப் போனைக் கீழே வைத்தான். “ஏன் இருக்கக் கூடாது? சான்ஸ் கம்மி, ஆனா ஜீரோ இல்ல,” என்றான். படித்தவன் பொய்யைத் தாங்கிப் பிடிக்கும்போது கணக்கைத் துணைக்குக் கூப்பிடுகிறான்.

“தாரணி,” என்றார் குருநாதன்.

அவள் நிறுத்தவில்லை. “ரெண்டும் டீச்சரம்மா வீட்டுத் தட்டு. ஒண்ணு அக்கா சாப்பிட்டது, ஒண்ணு தங்கச்சி சாப்பிட்டது. எங்க வீட்டுத் தட்டு ஒண்ணுகூடத் தரையில நேரா ஒக்காராது. நான் போய் அத எடுத்துட்டு வர்றேன். நீங்களும் உங்க வீட்டுத் தட்ட எடுத்துட்டு வாங்கத்தை. ரெண்டையும் படிக்கட்டும். அதுக்கப்பறம் நான் பதில் சொல்றேன்.”

“வாய மூடு கழுத!”

கைக்கு அருகில் இருந்தது அந்தத் தட்டு. குருநாதன் எடுத்ததையும் எறிந்ததையும் தனித்தனியாக யாராலும் பார்க்க முடியவில்லை. அத்தனை வருடப் பழக்கம். தட்டு தாரணியின் காதை உரசிச் சுவரில் மோதியது, கீழே விழுந்தது, விளிம்பில் சுற்றிச் சுற்றி ஓசையிட்டு அடங்கியது.

முதலில் ஓடியது சோலைமலை.

“ஐயோ, என் தட்டு!” மண்டியிட்டு அதை எடுத்து, விளிம்பை விரலால் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. “வாய் வளைஞ்சு போச்சே! எவ்வளவு நல்ல தட்டு, இன்னும் எத்தனை பேரக் கரையேத்தியிருக்கும்! இனி இத எந்த வீட்லண்ணே வைப்பேன்?”

“தப்பா எடுத்துக்காதப்பா,” என்றார் குருநாதன். குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. “கை தவறிருச்சு. மன்னிச்சுக்க.”

வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒரு தட்டை எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டது தரகரிடம்.

தாரணியின் காதோரம் ரத்தம் கசிந்தது. செல்வராணி கல்கண்டைக் கையில் வைத்தபடி நின்றாள். ஜெயக்கொடி எழுந்து வந்து அவள் தோளில் கை போட்டாள். இரக்கத்தோடுதான் போட்டாள், அதில் நடிப்பு இல்லை.

“விடுங்க மதினி. இதுக்குப் போயி கூச்சப்படுறீங்களே. ஆம்பளைக்குக் கோவம் வந்தா கையில கெடைச்சதத்தான் எறிவான். எங்க வீட்ல இவங்கப்பா தட்டோடயா விடுவாரு? போன பொங்கலுக்கு இட்லிக் குண்டான். கொதிக்கக் கொதிக்க. எம் முதுகுல இன்னும் தழும்பு இருக்கு. இவனும் அப்பன் மாதிரிதான். பாசக்காரன். கோவம் மட்டும் முந்திக்கிட்டு வந்துரும். நாமதான் வெலகி நின்னு பழகிக்கணும்.”

“அம்மா!” என்றான் நவீன்.

“என்னடா? நம்மாளுகதானே.”

கருவிக்கு அவ்வளவு செலவு, ஏ.சி., சந்தனப் பொட்டு, சான்றிதழ். தாரணி தேடி வந்த உண்மை கடைசியில் ஆறுதலாக வந்து சேர்ந்தது. ஜெயக்கொடிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே தெரியவில்லை. கல்கண்டுத் தட்டை மறுபடி நீட்டினாள்.

தாரணி அதை வாங்கவில்லை. சோலைமலையிடம் போய், அவர் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த தட்டைப் பிடுங்கினாள். கருவியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

“படிங்கக்கா. இப்பத்தான் இது எங்க வீட்டுத் தட்டு.”

பெனிட்டா குருநாதனைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். தைரியம் இல்லாதவர்களுக்கு விதிமுறை ஒரு நல்ல ஒளிவிடம். “மறுபடி படிக்கணும்னா புது டோக்கன் போடணும்மா,” என்றாள்.

“போடுங்க.”

“யாரு பேர்ல?”

“ஒரு பேர்லயும் வேணாம்!” என்று குருநாதன் மேசையை நோக்கி வந்தார். “எல்லாரும் கெளம்புங்க. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

செல்வராணி அவருக்கு முன்னால் போய் நின்றாள். கல்கண்டை மேசை மேல் வைத்தாள். உள்ளங்கை பிசுபிசுப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“எம் பேர்ல போடும்மா. செல்வராணி,” என்றாள். பிறகு, கடையில் ஏதோ விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“வீட்ல இன்னும் நெறையக் கெடக்கு. ஆட்டோ வச்சு எடுத்துட்டு வந்தா, எல்லாத்தையும் இன்னைக்கே படிச்சுக் குடுத்துருவீங்களா? கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்.”